‘பிரிஸ்க்’ என்ற ஒரு சொல்லும் ஒகேனக்கல்லின் பல வேகங்களும்

தேர்தல் நாளின் முற்பகலில் வெளியாகும் செய்திகளில் தவறாமல் இடம்பெறும் தொடர் ஒன்று உண்டு: ‘விறுவிறுப்பான வாக்குப்பதிவு’. அதே நேரத்தில் ஆங்கில ஊடகங்கள் ‘பிரிஸ்க் போலிங்’ என்று எழுதும். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் துணிக்கடைகளில் நடப்பது ‘பிரிஸ்க் சேல்ஸ்’. நீரிழிவுக்கு மருந்து எழுதித் தரும் மருத்துவர், கூடவே ‘பிரிஸ்க் வாக்கிங் போங்கள்’ என்கிறார். நீலகிரித் தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிப்போரும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஓர் ஆங்கிலப் பெயரடை நம் வாக்குச்சாவடியிலும் கடைத்தெருவிலும் மருத்துவமனையிலும் தேநீர்க் கோப்பையிலும் ஒருங்கே புழங்குகிறது. தமிழில் அதை எப்படிச் சொல்வது என்ற கேள்வி, மொழிபெயர்ப்பாளர்களுக்கு மட்டும் உரிய சிறிய கேள்வியாகவே எனக்கு நெடுநாள் தோன்றி வந்தது. சில இடங்களில் அது உயிரைப் பற்றிய கேள்வி என்பதை ஒகேனக்கல் காட்டித் தந்தது.

அங்கு உடன் வந்திருந்த நண்பர் ஒருவர், காவிரியின் நீரோட்டம் குறித்த ஓர் ஆங்கிலக் குறிப்பைத் தம் கைப்பேசியில் தமிழாக்கிக் காட்டினார். ‘ஆற்றின் ஓட்டம் விறுவிறுப்பாக உள்ளது’ என்று திரையில் வந்தது. “அப்படியானால் இன்று நல்ல வேடிக்கைதான்” என்றார் அவர். மூலத்தில் இருந்தது எச்சரிக்கை. அவருக்கு வந்து சேர்ந்ததோ அழைப்பு. அகராதிப்படி அந்த மொழிபெயர்ப்பில் குற்றம் காண முடியாது. குற்றம் வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாவிலிருந்து காலுக்கு

‘பிரிஸ்க்’ என்ற சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் தலைகாட்டியது. பிரெஞ்சு மொழியின் ‘புரூஸ்க்’ என்ற சொல்லின் திரிபாக அது இருக்கலாம் என்று சொல்லாய்வாளர்கள் கருதுகின்றனர். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு வெடுக்கென்ற, கடுமையான என்பன பொருள். அதற்கும் மூலமாகச் சொல்லப்படும் இத்தாலியச் சொல்லான ‘புரூஸ்கோ’, நாவைச் சுண்டும் புளிப்பையும் கூர்மையையும் குறிப்பது. அதாவது, நாவில் உறைக்கும் சுவையைக் குறித்த சொல் மனிதரின் கடுமைக்கு நகர்ந்து, அங்கிருந்து நடையின் வேகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இன்றும் தேயிலைச் சுவைஞர்கள் சப்பென்று இல்லாமல் நாவை எழுப்பிவிடும் தேநீரையே ‘பிரிஸ்க்’ என்கிறார்கள். தேநீர்க் கடையில் நாம் ‘சுள்ளென்று ஒரு டீ’ என்று கேட்பதும் ஏறக்குறைய அதே குணத்தைத்தான்.

வியப்பு என்னவெனில், தமிழும் இதே வழியில் நடந்திருக்கிறது. ‘விறுவிறு’ என்பது இன்று வேகத்தைக் குறிக்கிறது. ஆனால் காரம் பட்ட நாக்கும் விறுவிறுக்கிறது. பற்றுப் போட்ட இடம் காயும்போது தோல் விறுவிறுவென்று இழுக்கிறது. ‘சுறுசுறுப்பு’ என்பதன் பக்கத்திலேயே ‘சுறுக்’ நிற்கிறது. எறும்பு சுறுக்கென்று கடிக்கிறது. ஊசி சுறுக்கென்று குத்துகிறது. உடலில் ஏதோ ஒன்று தைக்க, உடல் விழித்துக்கொண்டு இயங்குகிறது. வேகத்துக்கு முன்னால் ஓர் உறைப்பு இருக்கிறது என்ற அனுபவம் இரு மொழிகளுக்கும் பொதுவாகத் தெரிந்திருக்கிறது.

இதற்கு இன்னும் பழைய சான்று தொல்காப்பியத்தில் உண்டு. உரியியலில் ‘கடி’ என்ற உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் கூர்மை, விரைவு, மிகுதி, அச்சம் ஆகியவை அடங்கும். அடுத்த நூற்பா, ஐயம், கரிப்பு என்ற மேலும் இரண்டைச் சேர்க்கிறது. கரிப்பு என்பதை உரையாசிரியர்கள் மிளகின் காரத்தைக் காட்டி விளக்குவர். நாவின் காரமும் இயக்கத்தின் விரைவும் நெஞ்சின் அச்சமும் ஒரே சொல்லுக்குள் இருந்திருக்கின்றன. அதே இயலில் ‘கதழ்வு’, ‘துனைவு’ ஆகிய இரண்டு சொற்களும் விரைவுப் பொருளுக்கு உரியவையாகக் கூறப்படுகின்றன. சங்கப் பாடல்களில் விரைந்து ஓடும் குதிரையைச் சொல்லக் ‘கதழ்பரி’, ‘துனைபரி’ என்ற தொடர்கள் வருகின்றன. விரைந்து வரும் வெள்ளத்துக்குக் ‘கடும்புனல்’ என்ற தொடர் பயின்று வருகிறது. கடும்புனலில் வேகமும் உண்டு, அச்சமும் உண்டு. ‘விறுவிறுப்பு’ என்ற இன்றைய சொல்லில் வேகம் மட்டும் எஞ்சி, அச்சம் போய்விட்டது. அதன் இடத்தில் பொழுதுபோக்கு வந்து அமர்ந்துவிட்டது. விறுவிறுப்பான திரைப்படம், விறுவிறுப்பான ஆட்டம், விறுவிறுப்பான தொடர்கதை என்று பழகிய காது, விறுவிறுப்பான ஆறு என்று கேட்டால் கைதட்டத்தான் தோன்றும்.

அடையும் வினையும்

மரபிலக்கணம் தமிழ்ச் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்தது. ஆங்கில இலக்கணம் தரும் பெயரடை என்ற தனி வகுப்பு அந்த நான்கில் இல்லை. நாம் இன்று பெயரடை என்று குறிப்பவற்றின் பணியை உரிச்சொல்லும் பெயரெச்சமும் பண்புத்தொகையும் பகிர்ந்து செய்து வந்தன. இது குறைபாடு ஆகாது. இயக்கத்தைச் சொல்லும் பொறுப்பைத் தமிழ் பெரும்பாலும் வினையிடமே ஒப்படைக்கிறது என்பதே இதன் பொருள். வினைக்குத் துணையாக இரட்டைக்கிளவிகள் வருகின்றன. அவை பிரிந்தால் பொருள் தராதவை, இரட்டித்தே நிற்பவை. குழந்தை குடுகுடுவென்று ஓடுகிறது. வேலை மடமடவென்று முடிகிறது. விலை கிடுகிடுவென்று ஏறுகிறது. ஓடை சலசலவென்று ஓடுகிறது. இவற்றுள் ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் வைத்தால் வாக்கியம் நகைப்புக்கு இடமாகிவிடும். யார் இயங்குகிறார், எதன்மேல் இயங்குகிறார், என்ன ஒலி எழுகிறது என்பவை எல்லாம் அந்த இரட்டைச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

ஆங்கிலத்தின் ‘பிரிஸ்க்’ இதற்கு நேர்மாறானது. எதன்மீதும் ஒட்டிக்கொள்ளும் ஆற்றல்தான் அதன் பலம். வேகம், ஊக்கம், தயக்கமின்மை ஆகிய மூன்றையும் அது சேர்த்துச் சொல்கிறது. வெறும் வேகத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘ஃபாஸ்ட்’ இருக்கிறது. வெறும் அவசரத்துக்கு ‘ஹேஸ்டி’ இருக்கிறது. ‘பிரிஸ்க்’ என்னும்போது வேகம் கட்டுக்குள் இருக்கிறது, அதில் ஓர் உயிர்ப்பு இருக்கிறது என்ற மதிப்பீடும் கூடவே வருகிறது. ஓடுவது ‘பிரிஸ்க்’ நடை ஆகாது, உலாவுவதும் ஆகாது.

ஆனால், இந்த மதிப்பீடு எப்போதும் பாராட்டு அன்று. அலுவலர் ஒருவர் ‘பிரிஸ்க்’ குரலில் பேசினார் என்றால், அவர் கறாராக, சற்று வெட்டிப் பேசினார் என்று பொருள். காயத்திலிருந்து ‘பிரிஸ்க் பிளீடிங்’ என்றால், இரத்தம் குபுகுபுவென்று வெளியேறுகிறது என்று பொருள். அங்கே ஒவ்வொரு நொடியும் முக்கியம். நரம்பியல் மருத்துவர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, அனிச்சைச் செயலை 0 முதல் 4 வரை அளவிடுவார். பொதுவாக 2 என்பது இயல்பு. 3 என்பதைத்தான் ‘பிரிஸ்க்’ என்று எழுதுவார்கள். சிலருக்கு அது இயல்பாகவே இருக்கும். ஆனால், ஒரு பக்கம் மட்டும் அப்படி இருந்தாலோ வேறு அறிகுறிகளோடு சேர்ந்து வந்தாலோ, மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் கட்டுப்பாடு பாதிக்கப்பட்டிருப்பதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். மருத்துவ அறிக்கையில் இச்சொல்லைக் கண்டு ‘நரம்பெல்லாம் சுறுசுறுப்பாக இருக்கிறதாம்’ என்று மகிழ்வதற்கு இடமில்லை.

எட்டிப் போடும் நடை

மருத்துவர் சொல்லும் ‘பிரிஸ்க் வாக்கிங்’ என்ற அறிவுரையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான தீவிரமுள்ள உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்கிறது. அந்த மிதமான தீவிரத்துக்கு எளிய எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவதே ‘பிரிஸ்க்’ நடை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடிகள் வைக்க வேண்டும். இதுதான் அதன் நடைமுறை அளவு.

தமிழில் இதை ‘வேகமாக நடங்கள்’ என்று சொன்னால், மூட்டுவலி உள்ள முதியவர் தம்மால் ஆகாது என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்; இதய நோயாளி மூச்சிரைக்க ஓடிப்பார்ப்பார். ‘சுறுசுறுப்பாக நடங்கள்’ என்றால், ஏற்கெனவே தாம் அப்படித்தான் நடப்பதாகப் பலர் எண்ணிக்கொள்வார்கள். ஆனால், நம் வீடுகளில் இதற்குச் சரியான தொடர் என்றோ இருக்கிறது. பள்ளிக்கு நேரமாகும்போது ‘நடையை எட்டிப் போடு’ என்கிறோம். ஓடு என்று சொல்லவில்லை. இப்படி மெதுவாக நடக்காதே என்கிறோம். ‘கையை வீசி, எட்டிப் போட்டு நடங்கள், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது’ என்று சொல்லிவிட்டால் ‘பிரிஸ்க்’ என்ற சொல்லின் தேவையே அங்கு எழாது. ஆங்கிலம் ஓர் அடைமொழியால் சொன்னதைத் தமிழ் கால் செய்யும் வினையால் சொல்லிவிட்டது.

வாக்குப்பதிவு, விற்பனை போன்றவற்றில் இத்தனை சிக்கல் இல்லை. வரிசை நகர்கிறது, ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதை ‘விறுவிறுப்பு’ நன்றாகவே தாங்குகிறது. விற்பனை சூடுபிடிக்கிறது, கடைத்தெரு களைகட்டுகிறது, வேலை மும்முரமாக நடக்கிறது. இச்சொற்கள் போதும். சிக்கல் நீரிடம் வரும்போதுதான் தொடங்குகிறது.

ஓர் ஆறு, பல வினைகள்

ஒகேனக்கல்லின் பெயரே இயக்கத்தைச் சொல்லும் பெயர். கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை. தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும். பால் ‘ஹாலு’ ஆகிறது, பள்ளி ‘ஹள்ளி’ ஆகிறது, புகை ‘ஹொகெ’ ஆகிறது. பாறையில் மோதிச் சிதறும் நீர்த்திவலை மேலெழுவதைப் பார்த்தவர்கள், புகையும் கல் என்று இடத்துக்குப் பெயரிட்டார்கள். அருவி எப்படிப்பட்டது என்பதைக் காட்டிலும், கல் என்ன செய்கிறது என்பதே பெயராக நின்றுவிட்டது.

அங்குள்ள ஆற்றைச் சற்றுப் பொறுமையாகக் கவனித்தால், ஓர் அடைமொழிக்குள் அது அடங்காது என்பது புலப்படும். அருவிகளுக்கு மேலே காவிரி பாறைகளுக்கு இடையே பல கிளைகளாகப் பிரிந்து பரவுகிறது. ஆழமற்ற இடத்தில் சலசலக்கிறது. சரிவில் பாய்கிறது. விளிம்பில் கொட்டுகிறது. பாறையில் மோதிச் சிதறுகிறது, சிதறியது புகைகிறது. கீழே இருபுறமும் செங்குத்தாக நிற்கும் பாறைகளுக்கு நடுவில் ஒடுங்கி, சில இடங்களில் சுழல்கிறது, சில இடங்களில் அசையாததுபோல் கிடக்கிறது. அந்த அசையாத நீரைத்தான் ஆற்றை அறிந்தவர்கள் அதிகம் அஞ்சுவார்கள். ‘தண்ணி இழுக்குது’ என்பார்கள். மேற்பரப்பில் நுரையும் இல்லை, ஓசையும் இல்லை. அடியில் இழுப்பு இருக்கிறது. கரையில் நிற்பவரின் கண்ணுக்குத் துள்ளலாகத் தெரியும் ஆழமற்ற நீரைவிட, அமைதியாகத் தெரியும் ஆழமான நீர் ஆபத்தானதாக இருக்கக்கூடும்.

நாளேடுகள் இந்த ஆற்றை எண்ணால் சொல்கின்றன. ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் நீரை அளக்கிறது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பளித்தபோது, அந்த நீர் கணக்கிடப்படும் இடமும் அதுதான். கடுங்கோடையில் நொடிக்கு ஆயிரம் கன அடிக்கும் கீழே இறங்கும் இந்த ஆறு, 2018 ஆகஸ்டில் இரண்டு லட்சம் கன அடியைத் தொட்டது. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். ‘நீர்வரத்து 10,000 கன அடி’ என்ற செய்தியின் பொருள், நொடிக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டருக்கும் அதிகமான நீர் நம்மைக் கடந்து போகிறது என்பதே.

ஆனால், கன அடி என்பது நீரின் அளவு, வேகம் அன்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10,000 கன அடி நீர், 500 அடி அகலமும் 10 அடி ஆழமும் உள்ள இடத்தைக் கடக்கும்போது அதன் வேகம் நொடிக்கு 2 அடி; மணிக்கு ஏறத்தாழ 2.2 கிலோமீட்டர். மருத்துவர் சொன்ன நடையில் பாதிகூட இல்லை. அதே நீர், அதே ஆழத்தில், 100 அடி அகலமுள்ள இடுக்கில் நுழைந்தால் வேகம் நொடிக்கு 10 அடி. மணிக்கு 11 கிலோமீட்டர். மனிதர் ஓடும் வேகம். வேகம் ஐந்து மடங்கு கூடும்போது, நீரில் நிற்கும் உடல்மீது அது செலுத்தும் விசை சுமார் 25 மடங்கு கூடுகிறது. ஏனெனில், விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. செய்தியில் வந்த எண் ஒன்றே. மேலே காலை நனைத்து நிற்கக்கூடிய நீர், கீழே ஆளைப் புரட்டிவிடும். எண்ணும் இதைச் சொல்லவில்லை, அடைமொழியும் சொல்லவில்லை. ‘இழுக்கிறது’ என்ற வினை மட்டும் சொல்கிறது.

பரிசலும் இதற்கு ஒரு சான்று. மூங்கிலால் முடைந்த அந்த வட்டக் கலத்துக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. ஒற்றைத் துடுப்பைக் கொண்டு பரிசலோட்டி அதைச் செலுத்துகிறார். பயணிகள் மகிழச் சில இடங்களில் அதைச் சுழற்றியும் காட்டுகிறார். எங்கே சுழற்றலாம், எங்கே சுழற்றக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். நீர்வரத்து உயரும்போது மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிக்கிறது. அருவியிலும் ஆற்றிலும் குளிப்பதற்கும் தடை வருகிறது. வெளியூரிலிருந்து நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவர்களுக்கு அத்தடை ஏமாற்றமாகவும் சில வேளைகளில் மிகைப்பட்ட எச்சரிக்கையாகவும் தோன்றுகிறது. கரையில் நின்று பார்க்கும்போது ஆறு அழகாகத்தான் இருக்கிறது. அழகைச் சொல்லும் சொற்களே அவர்கள் காதில் விழுந்திருக்கின்றன. சுற்றுலா விளம்பரங்களில் ஆறு துள்ளுகிறது, ஆடுகிறது, ஆர்ப்பரிக்கிறது, இழுப்பதே இல்லை.

என்ன செய்யலாம்?

இயக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடை ஒன்றைத் தமிழாக்கும்போது, ‘இதற்குச் சமமான தமிழ்ச் சொல் எது?’ என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைக்கலாம் என்பது என் பரிந்துரை. ‘இங்கே எது இயங்குகிறது? அது என்ன செய்கிறது? அதனால் யாருக்கு என்ன ஆகும்?’ என்ற மூன்று கேள்விகளை முதலில் கேட்கலாம். நடையென்றால் எட்டிப் போடலாம், தேநீரென்றால் சுள்ளென்று இருக்கலாம், பேச்சென்றால் கறாராகலாம், இரத்தமென்றால் குபுகுபுவென்று வெளியேறலாம், அனிச்சைச் செயலென்றால் மிகையாகலாம். கைப்பேசி மொழிபெயர்ப்பு நாளுக்கு நாள் பெருகிவரும் இக்காலத்தில், கருவி முதலில் எட்டும் சொல் பெரும்பாலும் பொதுச்சொல்லாகவே இருக்கும். குறிப்பான சொல்லைத் தேடித் தருவது இன்னும் மனிதரின் வேலையாகவே இருக்கிறது.

நீரைப் பற்றிய எச்சரிக்கைகளில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ‘நீரோட்டம் அதிகம்’ என்று மட்டும் எழுதுவதைவிட, ‘இங்கே நீர் இழுக்கும், மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு உண்டு, இறங்காதீர்கள்’ என்று எழுதினால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவனுக்கும் பொருள் விளங்கும். கன அடிக் கணக்கோடு, அந்த அளவில் எந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லலாம். அச்சத்தை ஏந்திய பழஞ்சொல் வேண்டுமென்றால் ‘கடும்’ என்பது இன்றும் கைவசம் இருக்கிறது. கடும்வெயில், கடுங்குளிர், கடுங்காய்ச்சல் என்று வழங்கும் நமக்கு ‘கடும் நீரோட்டம்’ என்றால், அதில் வேடிக்கை இல்லை என்பது உடனே புரியும்.

விறுவிறுப்பு என்ற சொல்லை யாரும் கைவிட வேண்டியதில்லை. வாக்குச்சாவடிக்கும் கடைத்தெருவுக்கும் ஆடுகளத்துக்கும் அது பொருத்தமான சொல். ஆற்றங்கரையில் மட்டும் அதை எழுதுவதற்கு முன், படிப்பவர் நீரில் இறங்கப் போகிறவர் என்பதை எழுதுகிறவர் நினைவில் கொண்டால் போதும்.